இமேஜ் ரெஸ்டோர் ஆகிவிட்டது, மெஷின் பூட் ஆகவில்லை!

லினக்ஸ் அட்மின் வேலைக்கு நேர்காணல் போனவர்கள் யாருக்கும் இந்தக் கேள்வி தப்பியிருக்காது: “பவர் பட்டனை அழுத்தினதுல இருந்து லாகின் வர்ற வரைக்கும் உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.” பயாஸ், எம்பிஆர், கிரப், கெர்னல், சிஸ்டம்டி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து வேலையிலும் சேர்ந்துவிடுகிறோம். அந்தப் பதிலின் அர்த்தம் புரிவது வேறொரு நாளில். ரெஸ்டோர் செய்த சர்வர் கறுப்புத் திரையில் ஒற்றை வரியோடு நிற்கும். நம் நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் நிற்பார்.

நடந்தது இதுதான். பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. குளோன்ஜில்லாவிலோ டிடி கட்டளையிலோ முழு டிஸ்கையும் இமேஜ் எடுத்தீர்கள். புது மெஷினில் இறக்கினீர்கள். பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ரீபூட் செய்தால் ஒன்றும் வரவில்லை. இந்த இடத்தில் பதற்றம் இரண்டு யோசனைகளைக் கொடுக்கும். ஒன்று, மறுபடி முதலிலிருந்து ரெஸ்டோர் செய்வது. அதே இமேஜ் அதே பிழையோடுதான் திரும்பி வரும். இன்னொன்று, புதிதாக இன்ஸ்டால் செய்வது. பல வருடங்களாகச் சேர்ந்த செட்டிங்குகள் எல்லாம் அதோடு போய்விடும். பெரும்பாலும் இரண்டுக்குமே அவசியம் இருக்காது.

வீடு மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் லாரியில் பத்திரமாக வந்து இறங்கிவிட்டன. ஆனால் ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் பழைய விலாசம்தான் இருக்கிறது. சிலிண்டர் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும். குளோன் செய்த டிஸ்கின் கதையும் இதுதான். டேட்டா முழுசாக வந்துவிட்டது. உள்ளே எழுதி வைத்திருக்கும் விலாசங்கள் மட்டும் பழையவை.

பூட் ஆவது என்பதே விலாசம் தேடிப் போகிற வேலை. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேருக்கு பூட்லோடரின் விலாசம் தெரியும். பூட்லோடருக்குக் கெர்னலின் விலாசம் தெரியும். கெர்னலோடு வரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு ரூட் பார்ட்டிஷனின் விலாசம் தெரியும். கடைசியில் சிஸ்டம்டி, எஃப்எஸ்டேப் ஃபைலைப் பார்த்து மற்ற பார்ட்டிஷன்களைத் தேடும். ஒவ்வொருவருக்கும் அடுத்தவரின் விலாசம் மட்டுமே தெரியும். ஆகவே உங்கள் வேலை ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: எந்த இடத்தில் நின்றது? அந்த இடத்தில் இருப்பவரின் கையில்தான் பழைய விலாசம் இருக்கிறது.

கை வைப்பதற்கு முன் பத்து நிமிடம்

முதலில் திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். ரீபூட் செய்த பிறகு “என்னமோ எரர் வந்துச்சு சார்” என்று சொல்கிறவரை யாரும் நம்புவதில்லை. கடைசி வரி மட்டும் போதாது. அதற்கு மேலே இருக்கும் பத்து வரிகளும் வேண்டும்.

பழைய டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால் கேபிளைக் கழற்றித் தனியே வையுங்கள். இமேஜ் ஃபைலை யாரும் எழுத முடியாதபடி பூட்டுங்கள். இனி எத்தனை தப்பு செய்தாலும் திரும்பி வர ஒரு இடம் உண்டு என்ற தைரியம் கிடைக்கும். பழைய டிஸ்கிலேயே படிக்க முடியாத பகுதிகள் இருந்தனவென்றால் சாதாரண டிடி சரிப்படாது. அதற்கென்று இருக்கும் டிடி-ரெஸ்க்யூவால் மறுபடி நகல் எடுப்பதுதான் முதல் வேலை.

பிறகு ஒரு லைவ் பென் டிரைவில் மெஷினைத் துவக்கி, ரெஸ்டோர் ஆன ரூட் பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து பாருங்கள். ஹோம் டைரக்டரி இருக்கிறதா, டேட்டாபேஸ் ஃபைல்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பார்த்தபின் மேனேஜரிடம் பேசுங்கள்.

“என்னப்பா, சர்வர் வந்துடுச்சா?”

“இன்னும் இல்ல சார். டேட்டா முழுசா இருக்கு, மவுண்ட் பண்ணிப் பார்த்துட்டேன். பூட் ஆகுற வழியில ஒரு இடத்துல நிக்குது. ஒரு மணி நேரத்துல நிலைமை என்னன்னு சொல்றேன்.”

இந்தப் பதிலில் மூன்று விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள்: எது பத்திரம், எது பழுது, அடுத்து எப்போது பேசுவேன். “அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும் சார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறாவது நிமிடம் அவர் திரும்பி வருவார்.

கடைசியாக, ஒரு தாளில் நான்கு விவரங்களைக் குறியுங்கள். பழைய மெஷின் லெகசி பயாஸா, யூஇஎஃப்ஐயா? பழைய டிஸ்க் சாட்டாவா, என்விஎம்இயா, விர்ச்சுவல் மெஷினா? டெபியன்-உபுண்டு குடும்பமா, ரெட் ஹாட் குடும்பமா? நடுவில் எல்விஎம் அல்லது என்கிரிப்ஷன் உண்டா? இந்த நான்கும் தெரிந்தாலே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

முதல் வாசல்: டிஸ்கே கண்ணில் படவில்லை

“நோ பூட்டபிள் டிவைஸ்” என்று வருகிறது. அல்லது ஒன்றும் சொல்லாமல் நேராக செட்டப் திரைக்குப் போய்விடுகிறது. ஃபர்ம்வேருக்கு பூட்லோடர் எங்கே என்று தெரியவில்லை என்று பொருள்.

லெகசி பயாஸ் முறையில் விலாசம் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளில் இருக்கிறது. அதில் 446 பைட்டுகள் பூட் கோடு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் டேபிள், கடைசி 2 பைட்டுகள் முத்திரை. முழு டிஸ்கையும் நகல் எடுத்தால் இதுவும் கூடவே வரும். பார்ட்டிஷன்களை மட்டும் தனித்தனியாக எடுத்து, புது டிஸ்கில் கையால் பார்ட்டிஷன் போட்டு இறக்கினால், இந்த 446 பைட்டுகளும் அதற்கு அடுத்த இடைவெளியில் இருக்கும் கிரப்பின் மையப் பகுதியும் வராது. மருந்து எளியது: கிரப்பை அந்த டிஸ்கில் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். டிஸ்கின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷன் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது. புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. பயாஸ் மெஷினில் ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள் இருந்தால் கிரப்புக்கென்று 1 எம்பி அளவில் “பயாஸ் பூட்” பார்ட்டிஷன் ஒன்றும் தேவை.

யூஇஎஃப்ஐ முறையில் கதை வேறு. பூட்லோடர் ஃபைல் டிஸ்கில் இருக்கும் ஈஎஸ்பி என்ற சிறு ஃபேட் பார்ட்டிஷனில் இருக்கிறது. அந்த ஃபைலைத் தேடிப் போகும் விலாசமோ மதர்போர்டின் என்விராம் நினைவகத்தில் இருக்கிறது. இமேஜ் என்பது டிஸ்கின் நகல். மதர்போர்டு அதில் வராது. அதனால் எல்லாம் சரியாக நகலாகியும் புது மெஷின் திருதிருவென்று விழிக்கிறது. அதே மெஷினில் டிஸ்கை மட்டும் மாற்றியிருந்தாலும் இது நேரலாம். என்விராம் குறிப்பில் பார்ட்டிஷனின் அடையாள எண்ணும் இருக்கிறது. பார்ட்டிஷன் டேபிளைப் புதிதாக உருவாக்கியிருந்தால் அந்த எண் மாறியிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, இஎஃப்ஐ பூட் மேனேஜர் கட்டளையால் புதுக் குறிப்பை எழுதுவது. ஆனால் லைவ் பென் டிரைவே யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால்தான் அது வேலை செய்யும். சிஸ் டைரக்டரியில் ஃபர்ம்வேருக்குக் கீழே இஎஃப்ஐ என்ற டைரக்டரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பென் டிரைவ் லெகசி முறையில் வந்திருக்கிறது, மறுபடி துவக்குங்கள். இன்னொன்று, ஈஎஸ்பியில் இஎஃப்ஐக்குக் கீழே பூட் என்ற டைரக்டரியில், ஃபர்ம்வேர் கடைசியாகத் தேடிப் பார்க்கும் பொதுப் பெயரில் பூட்லோடரை வைப்பது. கிரப் இன்ஸ்டால் கட்டளையின் “ரிமூவபிள்” ஆப்ஷன் செய்வது இதைத்தான். எங்கே கொண்டுபோய்ச் செருகினாலும் துவங்க வேண்டிய டிஸ்குக்கு இது நல்ல காப்பு.

இரண்டு முறைகளும் குறுக்கிட்டால் தலைவலி கூடும். பழையது லெகசி, புதியது யூஇஎஃப்ஐ மட்டும் என்றால் இமேஜில் ஈஎஸ்பியே இருக்காது. செட்டப்பில் சிஎஸ்எம் வசதி இருந்தால் அதை இயக்கித் தற்காலிகமாகத் தப்பிக்கலாம். புதிய மெஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அப்போது டிஸ்கை ஜிபிடிக்கு மாற்றி, சிறு ஈஎஸ்பி பார்ட்டிஷன் ஒன்றை உண்டாக்கி, கிரப்பின் யூஇஎஃப்ஐ பதிப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும். மேனேஜரிடம் சொன்ன ஒரு மணி நேரத்தை நீட்டிக்க வேண்டிய இடம் இது. தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாசல்: கிரப் ரெஸ்க்யூ

கறுப்புத் திரையில் “கிரப் ரெஸ்க்யூ” என்று ப்ராம்ப்ட் வந்தால் பாதி நல்ல செய்தி. ஃபர்ம்வேர் தன் வேலையைச் செய்துவிட்டது. கிரப்பின் சின்ன மையப் பகுதியும் ஓடுகிறது. தன்னுடைய மீதிப் பகுதிகள் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கின்றன என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. பார்ட்டிஷன் வரிசை மாறியிருக்கலாம், அல்லது ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண் மாறியிருக்கலாம்.

இங்கே கட்டளைகள் நான்குதான். எல்எஸ் என்று அடித்தால் பார்ட்டிஷன் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்து, பூட்டுக்குக் கீழே கிரப் டைரக்டரி எதில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். செட் கட்டளையால் ரூட், பிரிஃபிக்ஸ் இரண்டையும் அந்த இடத்துக்குத் திருப்புங்கள். இன்ஸ்மாட் நார்மல் என்று அடித்து, அடுத்து நார்மல் என்று அடியுங்கள். வழக்கமான மெனு வந்து நிற்கும்.

இப்படி ஒருமுறை உள்ளே போவது சுவரேறிக் குதிப்பது மாதிரிதான். அடுத்த ரீபூட்டில் அதே இடத்தில் நிற்கும். உள்ளே போன கையோடு கிரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்து, அதன் கான்ஃபிக் ஃபைலையும் புதுப்பித்தால்தான் வேலை முடிந்தது.

மூன்றாம் வாசல்: கெர்னல் வந்தது, ரூட் கிடைக்கவில்லை

மெனு வந்தது, கெர்னல் வரிகள் ஓடின. பிறகு நீண்ட மௌனம். டெபியன், உபுண்டுவில் “யூயூஐடி இல்லை” என்ற எச்சரிக்கையோடு பிஸிபாக்ஸின் இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட் வரும். ரெட் ஹாட், ஃபெடோராவில் டிராகட் டைம்அவுட் என்று வரிசையாக ஓடி அவசரகால ஷெல் திறக்கும். குளோன் வேலையில் அதிகம் பேர் நின்றுபோகும் இடமும், அதிகம் கற்றுக்கொடுக்கும் இடமும் இதுதான்.

யூயூஐடி என்பது பார்ட்டிஷனில் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தின் ஆதார் எண் என்று வைத்துக்கொள்ளலாம். கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் “இந்த எண்ணுள்ள பார்ட்டிஷன்தான் ரூட்” என்று எழுதியிருக்கிறது. அது கிடைக்காததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: எண் மாறியிருக்கிறது, அல்லது டிஸ்கையே பார்க்க முடியவில்லை. அந்த ப்ராம்ப்டிலேயே ப்ராக் டைரக்டரியில் இருக்கும் பார்ட்டிஷன்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். பட்டியலில் உங்கள் டிஸ்க் இருந்தால் எண் பிரச்சினை. டிஸ்கே இல்லையென்றால் டிரைவர் பிரச்சினை. பத்து வினாடிச் சோதனை, அரை நாளை மிச்சப்படுத்தும்.

எண் பிரச்சினைக்கு மருந்து நேரானது. பிஎல்கே-ஐடி கட்டளை இப்போதுள்ள எண்களைக் காட்டும். கிரப் கான்ஃபிக்கிலும் எஃப்எஸ்டேப்பிலும் இருக்கும் எண்களை அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். முழு டிஸ்க் நகலில் எண்கள் மாறாது. புதிதாக ஃபார்மட் செய்து ஃபைல்களை மட்டும் காப்பி செய்திருந்தால்தான் மாறும்.

டிரைவர் பிரச்சினைக்குப் பின்னால் ஒரு நல்ல நோக்கம் இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக, ரெட் ஹாட் குடும்பத்தில் டிராகட் வழக்கமாக அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் மூட்டை கட்டும். பழைய சர்வரில் சாட்டா டிஸ்க் இருந்தது; மூட்டையில் சாட்டா டிரைவர் இருக்கிறது. புது மெஷினில் என்விஎம்இ அல்லது ரெய்டு கார்டு, அல்லது விர்ட்ஐஓ டிஸ்க் உள்ள விர்ச்சுவல் மெஷின். அதற்கான டிரைவர் மூட்டையில் இல்லை. டெபியன் குடும்பத்தில் இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக்கில் மாட்யூல்ஸ் என்ற வரி “மோஸ்ட்” என்று இருந்தால் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளே இருக்கும். யாரோ அதை “டெப்” என்று மாற்றியிருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

ரெட் ஹாட் குடும்பத்தில் பலர் கவனிக்காத கதவு ஒன்று உண்டு. கிரப் மெனுவின் கடைசியில் “ரெஸ்க்யூ” என்று ஒரு வரி இருக்கும். அதன் இனிட்ராம்எஃப்எஸ் எல்லா டிரைவர்களையும் சேர்த்துக் கட்டியது. அதைத் தேர்ந்தெடுத்தால் பல நேரங்களில் மெஷின் அப்படியே எழுந்துவிடும். எழுந்ததும் டிராகட்டை “நோ-ஹோஸ்ட்ஒன்லி” ஆப்ஷனோடு ஓட்டி எல்லாக் கெர்னல்களுக்கும் மூட்டையைப் புதிதாகக் கட்டிவிடுங்கள். இமேஜ் எடுப்பதற்கு முன்பே பழைய மெஷினில் இதைச் செய்துவிட்டால் இந்த வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எல்விஎம் வால்யூம் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு இடத்தையும் பாருங்கள். ரெட் ஹாட் 9இல், எந்தெந்த டிஸ்கைத் தொடலாம் என்ற பட்டியலை எல்விஎம் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறது. புது டிஸ்கின் அடையாளம் அதில் இல்லாவிட்டால், கண்ணெதிரே இருந்தாலும் கண்டுகொள்ளாமல் போகக்கூடும். பட்டியலைத் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும்.

ஃபர்ம்வேர் செட்டப்பில் சாட்டா முறை “ரெய்டு” என்று இருப்பதாலும் சில மெஷின்களில் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாது. “ஏஹெச்சிஐ”க்கு மாற்றிப் பாருங்கள். அதே மெஷினில் விண்டோஸும் இருந்தால் மாற்றும் முன் யோசியுங்கள். அது பூட் ஆகாமல் போகலாம்.

நான்காம் வாசல்: ஒன்றரை நிமிடக் காத்திருப்பு

ரூட் கிடைத்தது, சிஸ்டம்டி துவங்கியது. பிறகு “எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்” என்று ஒரு வரி. பக்கத்தில் கடிகாரம் 1 நிமிடம் 30 வினாடி வரை ஓடுகிறது. முடிந்ததும் எமர்ஜென்சி மோட். இந்த ஒன்றரை நிமிடத்தைப் பார்த்தால் உடனே எஃப்எஸ்டேப்பைத் திறங்கள். பழைய சர்வரில் இருந்த பேக்கப் டிஸ்கோ டேட்டா டிஸ்கோ அதில் எழுதியிருக்கும். புது மெஷினில் அது இல்லை. அந்த வரியை நீக்குங்கள். எப்போதாவது மட்டும் செருகும் டிஸ்க் என்றால் “நோஃபெயில்” சேர்த்துவிடுங்கள்.

எமர்ஜென்சி மோட் ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும். உபுண்டுவில் ரூட் கணக்கு வழக்கமாகப் பூட்டியே இருக்கும் என்பதால் உள்ளேயே விடாமல் போகலாம். அப்போது லைவ் பென் டிரைவிலிருந்து எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள்.

பூட் ஆகிறது, ஆனால் தினமும் அரை நிமிடம் தாமதிக்கிறது என்றால் ஸ்வாப்பைப் பாருங்கள். ஸ்வாப் பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கியிருந்தால் எண் மாறியிருக்கும். டெபியன் குடும்பத்தில் எஃப்எஸ்டேப் தவிர, இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக்கில் “ரெஸ்யூம்” என்ற சிறு ஃபைலிலும் அந்த எண் இருக்கிறது. இரண்டையும் திருத்துங்கள்.

எல்லா வாசலுக்கும் ஒரே சாவி: சிஎச்ரூட்

மேலே சொன்ன பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியிலிருந்து உள்ளே போய் வேலை செய்ய வேண்டும். அந்த வழியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. முடிந்தவரை அதே குடும்பத்து லைவ் பென் டிரைவில், மெஷின் இனி எந்த முறையில் பூட் ஆக வேண்டுமோ அதே முறையில் துவக்குங்கள்.

2. எல்எஸ்-பிஎல்கே கட்டளையால் எந்தப் பார்ட்டிஷன் எது என்று உறுதி செய்யுங்கள். எல்விஎம் இருந்தால் வால்யூம் குரூப்பை ஆக்டிவேட் செய்யுங்கள். என்கிரிப்ஷன் இருந்தால் முதலில் திறங்கள்.

3. ரூட்டை எம்என்டியில் மவுண்ட் செய்யுங்கள். பூட் தனியாக இருந்தால் அதன் மேல் பூட்டையும், அதன் மேல் ஈஎஸ்பியையும் மவுண்ட் செய்யுங்கள். பூட்டை மவுண்ட் செய்ய மறந்து, ரூட்டின் வெற்று டைரக்டரியில் கெர்னல் மூட்டையைக் கட்டிவிட்டு, “எல்லாம் பண்ணிட்டேன், இன்னும் வரலையே” என்று விழிப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு.

4. டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் மவுண்ட் செய்து, சிஎச்ரூட் செய்யுங்கள்.

5. எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள். இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். கிரப்பை இன்ஸ்டால் செய்து கான்ஃபிக்கை உருவாக்குங்கள். ரெட் ஹாட் குடும்ப யூஇஎஃப்ஐ மெஷினில் மட்டும் கிரப் இன்ஸ்டால் கட்டளையை ஓட்டாதீர்கள்; ஷிம், கிரப் பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்வதே அங்கே முறை. செக்யூர் பூட்டுக்கு வேண்டிய கையொப்பமிட்ட ஃபைல்கள் அப்படித்தான் கிடைக்கும்.

6. எஸ்இலினக்ஸ் இயங்கும் மெஷின் என்றால், ரூட்டில் ஆட்டோரீலேபல் என்ற வெற்று ஃபைலை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, உண்டாக்குங்கள். முதல் பூட் கொஞ்சம் நேரம் எடுக்கும், பயப்பட வேண்டாம்.

டிஸ்க் அளவு மாறினால்

டிடி முழு டிஸ்கையும் வெற்றிடத்தோடு சேர்த்து நகல் எடுக்கும். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான குளோன்ஜில்லா, தனக்குத் தெரிந்த ஃபைல்சிஸ்டங்களில் பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் எடுக்கும். ஆனாலும் 500 ஜிபி டிஸ்கின் இமேஜை 480 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்க அது வழக்கமாக ஒப்புக்கொள்ளாது. உள்ளே 60 ஜிபிதான் டேட்டா என்றாலும் அதே கதை. டிஸ்க் வாங்கச் சொல்லும்போதே அளவைப் பார்த்து எழுதிக் கொடுங்கள்.

பெரிய டிஸ்குக்கு மாறினால் வேறொரு சிக்கல். ஜிபிடி தன் பிரதியை டிஸ்கின் கடைசியில் வைத்திருக்கும். டிடியால் நகலெடுத்தால் அந்தப் பிரதி புது டிஸ்கின் நடுவில் கிடக்கும். எஸ்ஜிடிஸ்க் கட்டளை அதைக் கடைசிக்கு நகர்த்தும்; பார்ட்டெட் தானாகவே சரிசெய்யட்டுமா என்று கேட்கும். அதன் பிறகு பார்ட்டிஷனைப் பெரிதாக்குங்கள்.

இரட்டையர் தொல்லை

பழைய டிஸ்கைக் கழற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஆதார் எண்ணில் இரண்டு பேர் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. இரண்டு டிஸ்கும் ஒரே மெஷினில் இருந்தால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. புது டிஸ்கில் பூட் ஆகிவிட்டதாக நினைத்துப் பழையதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ், எண் இரட்டிப்பு என்று மவுண்ட் செய்யவே மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் டேட்டாவே கெட்டுப்போகும் ஆபத்து உண்டு.

மெஷின் எழுந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. இது பழையதற்கு மாற்றா, கூடுதலாக ஒன்றா? மாற்று என்றால் ஹோஸ்ட்நேம், எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ எல்லாம் அப்படியே இருக்கட்டும். பயனர்களுக்கு எச்சரிக்கைத் திரை வராது. கல்லூரி லேபில் ஒரே இமேஜை 40 மெஷின்களில் இறக்குகிறீர்கள் என்றால் ஹோஸ்ட்நேம், எஸ்எஸ்எச் கீ, மெஷின்-ஐடி மூன்றையும் ஒவ்வொன்றிலும் புதிதாக உருவாக்க வேண்டும். மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால் டிஹெச்சிபி இரண்டு மெஷின்களுக்கு ஒரே ஐபியைக் கொடுத்து, நாள் முழுக்க நெட்வொர்க் ஆட்களோடு சண்டை போட வைக்கலாம்.

“பூட் ஆயிடுச்சு, ஆனா பிங் ஆகலை” என்றால் நெட்வொர்க் கார்டின் பெயரைப் பாருங்கள். கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் லினக்ஸ் அதற்குப் பெயர் வைக்கிறது. மதர்போர்டு மாறினால் பெயரும் மாறும். கான்ஃபிக்கில் பழைய பெயர் இருக்கும். இதுவும் பழைய விலாசம்தான்.

டிக்கெட்டில் என்ன எழுதுவது?

“பிரச்சினை தீர்க்கப்பட்டது” என்று ஒரு வரியில் மூடாதீர்கள். ஐந்து வரி போதும்: திரையில் என்ன தெரிந்தது, எந்த வாசலில் நின்றது, காரணம், செய்த மாற்றம், இனி நேராமலிருக்க என்ன வழி. ஆறு மாதம் கழித்து இரவு ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் புதியவர் இதைத்தான் தேடுவார். சம்பள உயர்வு பேச்சு வரும்போது நீங்களும் இதைத்தான் தேடுவீர்கள்.

இமேஜ் எடுக்கும்போதே கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள். பார்ட்டிஷன் டேபிள், யூயூஐடி பட்டியல், எஃப்எஸ்டேப்பின் நகல், லெகசியா யூஇஎஃப்ஐயா என்ற குறிப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இமேஜை ஒரு விர்ச்சுவல் மெஷினில் இறக்கி, பூட் ஆகிறதா என்று பாருங்கள். பேக்கப் முடிந்ததாகத் தினமும் வரும் மெயில், ரெஸ்டோர் ஆகும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் கொள்குறி வினாக்கள் இல்லை. மெஷினில் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். பூட்டை இடையில் நிறுத்தி உள்ளே நுழைவது, யூயூஐடி கொண்டு மவுண்ட் செய்வது, பூட்லோடரை மாற்றுவது எல்லாம் அதன் பாடத்திட்டத்தில் உண்டு. நீங்கள் செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைத்தால்தான் மதிப்பெண். வீட்டில் ஒரு விர்ச்சுவல் மெஷினைக் குளோன் செய்து, எஃப்எஸ்டேப்பில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, பிறகு மீட்டுப் பாருங்கள். நேர்காணலில் அந்தக் கேள்வி வரும்போது ஒப்பிக்க வேண்டியிருக்காது. நடந்ததைச் சொன்னால் போதும்.

இன்றைய சர்வருக்கு வருவோம். லாகின் திரை வந்துவிட்டது, அறையில் எல்லோரும் கைதட்டத் தயார். டிக்கெட்டை மூட இன்னும் ஒரு வேலை இருக்கிறது. லைவ் பென் டிரைவைப் பிடுங்குங்கள். மெஷினை முழுவதுமாக அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி மாட்டி, மறுபடி துவக்குங்கள். பென் டிரைவில் இருந்த பூட்லோடரின் தயவில் எழுந்துவிட்டு, மறுநாள் காலை அது இல்லாமல் படுத்துக்கொண்ட மெஷின்கள் உண்டு. யாருடைய துணையும் இல்லாமல் தானாக எழுந்தால், அப்போது மேனேஜரைக் கூப்பிடுங்கள்.